உள்ளே வந்த கால்சியம் நேரத்துக்கு வெளியேறவும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கால்சியம்’, ‘இதயம்’ ஆகிய இரண்டு சொற்களும் மருத்துவப் பக்கத்தில் சேர்ந்து வந்தால், பேச்சு பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே நின்றுவிடுகிறது. ஒன்று, ரத்தக் குழாயின் சுவரில் படியும் கால்சியம். மற்றொன்று, எலும்புக்காக விழுங்கும் கால்சியம் மாத்திரை இதயத்துக்கு ஆகுமா என்ற கேள்வி. இரண்டும் எழுத வேண்டியவைதாம். ஆனால் இதயத் தசையைச் சுருங்கவும் விரியவும் வைக்கிற கால்சியம் வேறு. அது ஒவ்வொரு துடிப்பிலும் தசைச் செல்லுக்குள் திடீரென்று பெருகி, அடுத்த துடிப்புக்கு முன்பாக வடிந்துவிடுகிறது. இதயச் செயலிழப்பு, தாறுமாறான துடிப்பு, ஓடி விளையாடும்போது மயங்கி விழும் குழந்தை என்று எத்தனையோ நோய்களின் வேர் இங்கே இருக்கிறது. கால்சியம் என்றாலே ‘போதுமா, போதாதா’ என்று கேட்டுப் பழகிவிட்டோம். இதயச் செல்லைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது, ‘வந்தது நேரத்துக்குத் திரும்பிப் போனதா’ என்பதே. இதய உடலியங்கியலைக் கற்பிக்கும் நாங்கள் இந்தக் கடிதத்தை எழுதுவது அதைச் சொல்லத்தான்.

இதயத்துக்குக் கால்சியம் வேண்டும் என்பது தெரியவந்ததே தண்ணீர் மாறியதால்தான். லண்டனில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டு ஆராய்ந்துவந்தார். குழாய்த் தண்ணீரில் கலந்த கரைசலில் இதயம் நன்றாகத் துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் கலந்தபோது சுருக்கம் மங்கி நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியமே காரணம் என்று 1883-இல் அவர் எழுதினார். எலும்போடு ஒட்டிய தசை, வெளியே கால்சியம் இல்லாவிட்டாலும் சிறிது நேரம் சுருங்கும். இதயத் தசைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏன் என்று புரிய ஒரே ஒரு துடிப்பைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

இதயக் கீழறையின் தசைச் செல் ஒன்று 100 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல் நீளமும் சுமார் 20 மைக்ரோமீட்டர் அகலமும் உள்ளது. அதைச் சூழ்ந்த திரவத்தில் கால்சியம் அயனி லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 மில்லிமோல். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் அது 100 நானோமோல்தான். அதாவது வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. செல்லின் மேற்சவ்வு சுமார் இரண்டு மைக்ரோமீட்டருக்கு ஓர் இடத்தில் குழாய்போல உட்குழிந்து ஆழத்துக்கு இறங்குகிறது. குறுக்குக் குழாய் என்று இதைச் சொல்கிறோம். மின் தூண்டல் மேற்பரப்போடு நின்றுவிடாமல் செல்லின் நடுப்பகுதி வரை ஒரே நேரத்தில் போய்ச் சேர இதுதான் வழி. இந்தக் குழாயின் சுவரில் எல் வகைக் கால்சியக் கால்வாய்கள் பதிந்திருக்கின்றன. அவற்றுக்கு நேர் எதிரே செல்லின் கால்சியக் கிடங்கான சார்க்கோபிளாஸ்ம வலை. அதன் வாசலில் ரையனோடின் ஏற்பிகள் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு 12 முதல் 15 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனை ஐயாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஏறத்தாழ அவ்வளவு வரும்.

தூண்டல் வந்ததும் கால்வாய் திறந்து, வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. இடுக்கு அத்தனை சிறியது என்பதால் நுழைந்த சில அயனிகளே அங்கே அடர்த்தியைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். அது எதிரே உள்ள ரையனோடின் ஏற்பியைத் திறந்துவிட, கிடங்கிலிருந்து இரண்டு மூன்று மடங்கு கால்சியம் கொட்டுகிறது. கால்சியமே கால்சியத்தை அழைத்து வருகிற ஏற்பாடு இது. (தவளை இதயத்தில் கிடங்கின் பங்கு சொற்பம், ஏறக்குறைய முழுவதும் வெளியிலிருந்து வருவதை நம்பியே துடிப்பது. ரிங்கரின் சோதனையில் விளைவு அவ்வளவு பளிச்சென்று தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.) கால்சியத்தோடு சேர்ந்தால் ஒளிரும் சாயத்தைச் செல்லில் ஏற்றி, கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். ஓர் ஏற்பிக் கொத்து திறந்தால் சுமார் இரண்டு மைக்ரோமீட்டர் அகலத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றும். 10 மில்லிவிநாடியில் உச்சம் தொட்டு மங்கிவிடும். 1993-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இதற்குக் கால்சியப் பொறி என்றே பெயர். ஒரு துடிப்பில் இப்படிப்பட்ட பொறிகள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்கின்றன. செல் முழுவதும் கால்சியம் ஐந்து முதல் பத்து மடங்கு வரை உயர்கிறது.

உயர்ந்த கால்சியம் தசை இழைகளின் மேல் இருக்கும் ட்ரோபோனின் சி என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது. ஒட்டியதும் ட்ரோபோனின் ஐ விலக, ட்ரோபோமையோசின் நகர, மறைந்திருந்த பிடிகள் வெளிப்பட்டு மையோசின் இழை ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. சுருக்கம் என்பது இவ்வளவே. மாரடைப்பைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் ட்ரோபோனினும் இந்தக் குடும்பம்தான். அதில் ஐ, டி ஆகிய இரண்டையும் மட்டும் அளக்கிறார்கள். சி வடிவம் மற்றத் தசைகளிலும் இருப்பதால் அதை வைத்து ‘இது இதயத்திலிருந்து வந்தது’ என்று சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது எல்லாப் பாடநூலிலும் விரிவாக இருக்கும். கால்சியம் வெளியேறும் கதைதான் இரண்டு வரியில் முடிந்துவிடும். உண்மையில் கனமான வேலை அதுதான். சுருங்குவது உழைப்பு, விரிவது ஓய்வு என்று நாம் நினைக்கிறோம். இதயச் செல்லின் கணக்கு வேறு. கால்சியம் உள்ளே வருவது சரிவில் தண்ணீர் இறங்குவது போல; கதவைத் திறந்தால் போதும். வெளியே அனுப்புவதோ மேட்டுக்கு இறைப்பது. இறைக்கும் பம்புகளில் முதன்மையானது கிடங்கின் சுவரில் உள்ள செர்கா பம்பு. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒவ்வொன்றையும் செலவழித்து இரண்டு கால்சியத்தைக் கிடங்குக்குள் தள்ளுகிறது. மேற்சவ்வில் சோடியம்-கால்சியம் மாற்றி இருக்கிறது. அது மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே அனுப்புகிறது. மனிதனைப் போன்ற பெரிய பாலூட்டிகளில் ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 விழுக்காடு கிடங்குக்குத் திரும்புகிறது. 28 விழுக்காடு மாற்றி வழியாக வெளியேறுகிறது. மீதிச் சொற்பம் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் மேற்சவ்வில் உள்ள இன்னொரு பம்புக்கும் போகிறது. எலியிலோ 90 விழுக்காட்டுக்கு மேல் கிடங்குக்கே போய்விடும். எலியில் வெற்றி பெற்ற இதய மருந்து மனிதரிடம் தோற்கும்போது இந்த வித்தியாசத்தையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு துடிப்பில் எவ்வளவு உள்ளே வந்ததோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும். நூற்றில் ஒன்று மிஞ்சினாலும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பில் செல் கால்சியத்தில் மூழ்கிவிடும். அவசரமும் உண்டு. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி கிடைக்கும். 180 ஆனால் மூன்றில் ஒரு விநாடிதான். அதற்குள் சுருங்கி, கால்சியத்தை வடித்து, விரிந்து, ரத்தம் நிரம்ப வேண்டும். ஆகவேதான் அட்ரினலின் இதயத்தைத் தூண்டும்போது வாசலை மட்டும் அகலத் திறப்பதில்லை. செர்கா பம்பின் மேல் பாஸ்போலாம்பன் என்ற புரதம் கடிவாளம் போல உட்கார்ந்திருக்கிறது. அட்ரினலின் அதைத் தளர்த்தி, பம்பை வேகமாக ஓடவிடுகிறது. கூடவே ட்ரோபோனின் கால்சியத்தைச் சீக்கிரம் கைவிடும்படியும் செய்கிறது. வேகமாகச் சுருங்குகிற இதயம் அதே அளவு வேகமாக விரியவும் வேண்டும் என்பதற்கு உடம்பே செய்துவைத்த ஏற்பாடு இது.

இதயத்துக்கு ரத்தம் குறையும்போது முதலில் பாதிக்கப்படுவது எது என்று பாருங்கள். ஏடிபி குறைந்தால் பம்பு தளர்கிறது. கால்சியம் வடியத் தாமதமாகிறது. கீழறை விறைப்பாகவே நிற்கிறது. சுருக்கம் குறைவதற்கும், இ.சி.ஜி.யில் மாற்றம் தெரிவதற்கும், நெஞ்சுவலி வருவதற்கும் முன்பே விரிதல் கெட்டுவிடுகிறது. ‘எக்கோவில் பம்பிங் 60 விழுக்காடு, நார்மல்’ என்று சீட்டு வந்தும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களை ‘மனப்பிரமை’ என்று ஒதுக்குவது தவறு. பம்பிங் விழுக்காடு சுருக்கத்தைச் சொல்லும், விரிதலைச் சொல்லாது. அந்த எக்கோ அறிக்கையிலேயே விரிதலுக்கான அளவுகள் தனியாக இருக்கும். அவற்றையும் மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும். விறைப்புக்குக் கால்சியம் தவிர நார்த்திசு, ரத்த அழுத்தம், தடித்த சுவர் என்று வேறு காரணங்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி ரத்தக் குழாயில் படியும் கால்சியத்துக்கு வருவோம், ஏனென்றால் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அது கொழுப்புப் படிவு ஆண்டுக்கணக்கில் முதிர்ந்து கல்லாவதன் அடையாளம். சி.டி. ஸ்கேனில் அளந்து அகட்ஸ்டன் எண்ணாகச் சொல்வார்கள். செல்லுக்குள் வந்துபோகும் கால்சியத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ‘கால்சியக் கால்வாய் தடுப்பு மருந்து’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அது படிவைக் கரைக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்; எலும்பிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்று பயந்து நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் இல்லை. அந்த மருந்து செய்வது, மேலே சொன்ன எல் வகைக் கால்வாயின் வாசலைக் குறுக்குவது மட்டுமே.

அதிலும் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. அம்லோடிபின் முக்கியமாக ரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் கணுக்கால் வீங்குவது உண்டு. நுண்குழாயிலிருந்து நீர் கசிவதால் வருவது அது, உப்பும் நீரும் உடம்பில் தேங்கியதால் அல்ல. சிறுநீர் பிரிக்கும் மாத்திரையைக் கூட்டினால் பெரிதாகப் பலன் இருக்காததற்குக் காரணம் இதுவே. வெரபமில், டில்டியாசெம் இரண்டும் இதயத்திலேயே வேலை செய்பவை. மேலறையிலிருந்து கீழறைக்குத் தூண்டல் கடக்கும் கணு, கால்சிய மின்னோட்டத்தை நம்பியே இயங்குகிறது. இந்த மருந்துகள் அந்தக் கணுவை மந்தப்படுத்தி வேகமான துடிப்பைக் கட்டுக்குள் கொண்டுவருகின்றன. அதே காரணத்தால், ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் (அட்ரினலினின் தூண்டலைத் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறவருக்கு இவற்றைச் சேர்த்தால் துடிப்பு அபாயமான அளவுக்குக் குறையலாம். சுருங்கும் சக்தி குறைந்த இதயச் செயலிழப்பில் இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும். பச்சிளங் குழந்தைக்கு வெரபமில் ஊசி ஆகாது. அந்த வயதில் குறுக்குக் குழாய்களும் கிடங்கும் முழுதாக உருவாகியிருக்காது. இதயம் வெளியிலிருந்து வரும் கால்சியத்தையே பெரிதும் நம்பியிருக்கும். ரிங்கரின் தவளையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்தில் உள்ள கால்சியம் பற்றி ஒரு சொல். உடம்பின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் மொத்தம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம். அதிலும் ஏறக்குறைய பாதிதான் அயனியாக, செல்லுக்கு உதவும் வடிவில் இருக்கிறது; மீதி பெரும்பாலும் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் அயனியின் அளவை மிகக் குறுகிய எல்லைக்குள் பிடித்துவைத்திருக்கின்றன. ஆகவே ஒரு மாத்திரை கூடுதலாக விழுங்கினால் இதயச் செல்லுக்குள் கூடுதல் கால்சியம் போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். அந்தக் கட்டுப்பாடு உடைகிற இடங்களில்தான் இதயம் அல்லல்படும்: தைராய்டு அறுவையில் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்படுவது, சிறுநீரகச் செயலிழப்பு, கடும் வைட்டமின் டி குறைபாடு, மெக்னீசியக் குறைவு. மெக்னீசியம் மிகவும் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதே தடைபடும். எத்தனை கால்சியம் ஏற்றினாலும் அளவு ஏறாது, மெக்னீசியத்தைச் சரிசெய்தால்தான் ஏறும். நீண்ட நாள் கால்சியக் குறைவால் பலவீனமான இதயம், குறையைத் தீர்த்ததும் தேறிவருவதும் உண்டு.

கால்சியம் குறைந்தால் இ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி (கீழறை மின் தூண்டல் பெற்று மீண்டும் ஓய்வுக்குத் திரும்ப ஆகும் நேரம்) நீள்கிறது; கூடினால் சுருங்குகிறது. பலருக்கும் இது தலைகீழாகத் தோன்றும். காரணம் எளிது. எல் வகைக் கால்வாயை மூடுவது, அதன் வழியே நுழைந்த கால்சியமேதான்; கால்மோடுலின் என்ற புரதத்தின் வழியாக ‘போதும்’ என்று கதவைச் சாத்துகிறது. வெளியே கால்சியம் குறைந்தால் சாத்தும் கை தளர்ந்துவிடும். கால்வாய் நெடுநேரம் திறந்திருக்க, மின்னழுத்தம் இறங்கத் தாமதமாகிறது.

பரிசோதனைச் சீட்டைப் படிக்கும்போது சில எச்சரிக்கைகள். அல்புமின் குறைந்தவர்களுக்கு மொத்தக் கால்சியம் குறைவாகக் காட்டும். 4-இலிருந்து அல்புமின் அளவை (டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று) கழித்து, 0.8-ஆல் பெருக்கி, மொத்தக் கால்சியத்தோடு கூட்டிக்கொள்வது வழக்கம். இது தோராயக் கணக்குதான். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அயனி அளவை நேரடியாகப் பார்ப்பதே சரி. அதற்கு எடுத்த ரத்தத்தைக் காற்றுப் படும்படி வைத்தால் கரியமிலவாயு வெளியேறி, காரத்தன்மை ஏறி, அயனி பொய்யாகக் குறையும். ஒரே சீட்டில் பொட்டாசியம் எக்கச்சக்கமாகக் கூடியும் கால்சியம் நம்ப முடியாத அளவு குறைந்தும் இருக்க, நோயாளி நன்றாக இருக்கிறாரா? மருந்து ஏற்றுவதற்கு முன் ரத்தம் எந்தக் குப்பியில் போனது என்று கேளுங்கள். ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குப்பியில் பொட்டாசியம் உப்பாக இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும், பொட்டாசியத்தைக் கலந்துவிடும். அந்தக் குப்பியிலிருந்து சிறிது அடுத்த குப்பியில் சேர்ந்தாலே இந்த இரட்டைப் பிழை வந்துவிடும். புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது.

பொட்டாசியம் உண்மையிலேயே ஏறி இ.சி.ஜி. மாறிவிட்டால் கால்சியம் ஊசி உயிர்காக்கும் மருந்து. பத்து விழுக்காடு கால்சியம் குளூக்கோனேட் 10 மி.லி.யை இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே சில நிமிடங்களில் மெதுவாகச் செலுத்துவார்கள். ஐந்து நிமிடத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மறுபடி. அந்த 10 மி.லி.யில் தனிக் கால்சியம் ஏறக்குறைய 93 மில்லிகிராம். அதே அளவு கால்சியம் குளோரைடில் சுமார் 270 மில்லிகிராம், மூன்று மடங்கு. பெயரில் உள்ள ஒரு சொல்லைக் கவனிக்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குளோரைடு ரத்த நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசையும் தோலும் வெந்துபோகும். இந்த ஊசி பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. சவ்வை நிலைப்படுத்தி 30 முதல் 60 நிமிடம் அவகாசம் வாங்கித் தருகிறது. அதற்குள் இன்சுலின்-குளுக்கோஸ் முதலிய அடுத்த சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். சோடியம் பைகார்பனேட் ஓடும் அதே குழாயில் கால்சியத்தைக் கலந்தால் சுண்ணாம்பாகத் திரிந்து அடைத்துக்கொள்ளும்.

இப்போது இதயச் செயலிழப்பு. பல ஆண்டுகளாக ஓய்ந்துவரும் இதயத்தின் செல்லில் மூன்று மாற்றங்களைப் பார்க்கிறோம். செர்கா பம்பு குறைகிறது. ரையனோடின் ஏற்பிகள் ஓய்வு நேரத்திலும் கசிகின்றன. குறுக்குக் குழாய்கள் சிதைந்து, வாசலும் கிடங்கும் எதிரெதிரே நிற்கும் ஒழுங்கு குலைகிறது. கிடங்கு காலியாவதால் சுருக்கம் வலுவிழக்கிறது. வடிய வேண்டிய நேரத்தில் கால்சியம் வடியாததால் விரிதலும் கெடுகிறது. நல்ல இதயத்தில் துடிப்பு கூடக்கூடச் சுருக்கத்தின் வலுவும் கூடும். நோயுற்ற இதயத்தில் வலு ஏறாமல் நின்றுவிடும், அல்லது குறையும். வேகமாகத் துடித்தால் கிடங்கை நிரப்ப நேரம் கிடைப்பதில்லை. கூடவே, எப்போதும் உயர்ந்தே நிற்கும் கால்சியம் கால்சினியூரின் என்ற நொதியை எழுப்பி, செல்லின் கருவுக்குள் இருக்கும் மரபணுக்களைத் தூண்டிச் செல்லைத் தடிக்கவைக்கிறது.

ஓய்ந்த இதயத்துக்குக் கால்சியத்தைக் கூட்டிக் கொடுத்தால் என்ன? மருத்துவம் அதைத்தான் முதலில் செய்து பார்த்தது. மில்ரினோன் என்ற மருந்து செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றுகிறது; ஊசியாகக் கொடுத்தால் சில மணி நேரத்தில் முன்னேற்றம் தெரியும். அதையே மாத்திரையாக நீண்ட நாள் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1991-இல் வெளிவந்தது: மருந்து பெற்றவர்களிடம் இறப்பு 28 விழுக்காடு கூடியிருந்தது. நேர்மாறாக, கால்சிய வரவைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்கள் இதயச் செயலிழப்பில் கொடுக்கவே கூடாதவை என்று நெடுங்காலம் கருதப்பட்டவை. 1999-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒன்றில் பைசோப்ரோலால், மற்றொன்றில் மெட்டோப்ரோலால், இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டின. சாட்டையால் அடித்து ஓட்டுவதைவிட, மூச்சுவிட அவகாசம் தருவதே இந்தச் செல்லுக்கு நல்லது. இன்று பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தொடங்கி முதல் சில வாரம் களைப்பாக இருக்கிறது என்று நிறுத்திவிடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்லக் கூட்டுவதே முறை. சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

செர்கா பம்பையே கூட்டினால் என்ன என்ற கேள்வியும் சோதிக்கப்பட்டது. தீங்கில்லாத வைரஸ் ஒன்றில் செர்கா மரபணுவை ஏற்றி, இதயத் தமனி வழியே செலுத்திய ஆய்வு 250 நோயாளிகளிடம் நடந்து 2016-இல் முடிவு வெளியானது. பலன் கிடைக்கவில்லை. மரபணு போதுமான செல்களுக்குப் போய்ச் சேராததே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கருதுகோள் செத்துவிட்டது என்று நாங்கள் எண்ணவில்லை.

டிஜாக்சின் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 1785-இல் வில்லியம் விதரிங் விவரித்த டிஜிட்டாலிஸ் செடியின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து வந்த இதய மருந்து. இது கால்சியத்தைத் தொடுவதே இல்லை. சோடியத்தை வெளியே இறைக்கும் பம்பை அடைக்கிறது. உள்ளே சோடியம் ஏறுகிறது. அதனால் சோடியம்-கால்சியம் மாற்றி மந்தமாகி, கால்சியம் வெளியேறுவது குறைகிறது. 1997-இல் வெளியான 6,800 பேர் ஆய்வில் இறப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மருத்துவமனையில் சேர்வது குறைந்தது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. இதயச் செயலிழப்பில் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் இருந்தால் போதும். ரத்தம் எடுப்பது மாத்திரை விழுங்கி ஆறு மணி நேரத்துக்குப் பிறகே. முன்னால் எடுத்தால் பொய்யாகக் கூடுதல் காட்டும். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து தேங்கும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தால், சாதாரண அளவே நஞ்சாகும். அமியோடரோன், வெரபமில், கிளாரித்ரோமைசின் சேர்த்தால் டிஜாக்சின் அளவு ஏறும். பசியின்மை, குமட்டல், விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிவது ஆகியவை வயிற்றுக்கோளாறு, கண்கோளாறு என்று கடந்துபோகிற அறிகுறிகள். டிஜாக்சின் சாப்பிடுகிறவருக்கு வந்தால் அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

கால்சியம் கூடினால் துடிப்பு ஏன் தாறுமாறாகிறது? கிடங்கு நிரம்பி வழியும்போது ஏற்பிகள் தாமாகத் திறந்து, இரண்டு துடிப்புகளுக்கு இடையே கால்சியம் கசிகிறது. அதை வெளியேற்றச் சோடியம்-கால்சியம் மாற்றி முனைகிறது. கணக்கைப் பாருங்கள்: ஒரு கால்சியம் வெளியே போனால் இரண்டு நேர்மின்னூட்டம் போகிறது, மூன்று சோடியம் உள்ளே வந்தால் மூன்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மின்னூட்டம் உள்ளே மிஞ்சுகிறது. அப்படிச் சேர்ந்த மின்னூட்டம் எல்லையைத் தாண்டினால் யாரும் கேட்காத துடிப்பு ஒன்று பிறந்துவிடும். செல்லைக் காப்பாற்ற எடுக்கும் முயற்சியே அபாயமான துடிப்பாக முடிகிறது.

இதன் மிகத் தெளிவான வடிவம் சி.பி.வி.டி. எனப்படும் பரம்பரை நோய். பெரும்பாலும் ரையனோடின் ஏற்பியின் மரபணுவில் உள்ள பிழை, 2001-இல் கண்டறியப்பட்டது. சிலருக்குக் கிடங்குக்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் கால்சீக்வெஸ்ட்ரின் புரதத்தில் பிழை இருக்கும். ஓய்வில் இதயம் குறையே இல்லாமல் இருக்கும். இ.சி.ஜி. சரி, எக்கோ சரி. ஓடும்போதோ, நீந்தும்போதோ, பயமோ கோபமோ மூளும்போதோ அட்ரினலின் ஏற, கிடங்கு கசிந்து, கீழறை தறிகெட்டுத் துடிக்கிறது. பிள்ளை மயங்கி விழுகிறது. சில சமயம் கை கால் வெட்டி இழுக்கிறது. வலிப்பு என்று முடிவுகட்டி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மருந்து கொடுப்பது இப்படித்தான் நேர்கிறது. வெயிலில் நெடுநேரம் நின்றோ, ரத்தத்தைப் பார்த்தோ வரும் சாதாரண மயக்கம் வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே வருகிற மயக்கம் வேறு.

இந்த நோயைக் காட்டிக்கொடுப்பது டிரெட்மில் சோதனை. துடிப்பு நிமிடத்துக்கு 100, 120-ஐத் தாண்டும்போது தனித்தனியாகக் கூடுதல் துடிப்புகள் தொடங்கும். உழைப்பு கூடக்கூட அவை இரட்டையாகி, தொடராகி, சிலரிடம் ஒவ்வொரு துடிப்பும் மாறி மாறி எதிர்த்திசையில் திரும்பும். நிறுத்தினால் அடங்கும். சிகிச்சையின் அடித்தளம் பீட்டா பிளாக்கர். நேடோலால் இதில் சிறந்ததாகக் கருதப்படுகிறது. போதாவிட்டால் ஃபிளெகைனைடு சேர்ப்பார்கள். (மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃபிளெகைனைடு இறப்பைக் கூட்டியது, ஆகவே ஒருவருக்குக் கேட்ட மருந்து என்று இன்னொருவர் எடுக்கக் கூடாது.) அதுவும் போதாவிட்டால் இதயத்துக்குப் போகும் இடப்பக்கப் பரிவு நரம்பைத் துண்டிக்கும் அறுவை உண்டு. உடலில் பொருத்தும் அதிர்வுக் கருவியை மட்டும் நம்புவது சரியல்ல: அதிர்ச்சியின் வலியே அட்ரினலினை ஏற்றி, அடுத்த தாறுமாறான துடிப்பைக் கிளப்பிவிடக்கூடும். ஒரு வேளை மாத்திரை தவறினாலும் ஆபத்து என்பதால், பயணத்தில் கையிருப்பு வைத்துக்கொள்வது முதல் பள்ளி ஆசிரியருக்குத் தெரியப்படுத்துவது வரை வீட்டில் திட்டம் வேண்டும். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லாரையும் சோதிக்க வேண்டும்.

ஆகவே, தங்கள் மருத்துவப் பக்கத்துக்கு எழுதும் மருத்துவர்களிடம் இதையும் கேட்டு வெளியிட வேண்டுகிறோம்: ஓடும்போதோ நீந்தும்போதோ ஒருமுறையாவது மயங்கி விழுந்த பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர், மயங்கிய நொடியில் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது, விழுந்த பிறகு எவ்வளவு நேரத்தில் தெளிந்தது, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் யாரேனும் உண்டா, தண்ணீரில் மூழ்கி இறந்த நீச்சல் தெரிந்தவர் உண்டா என்பதை எழுதி எடுத்துச் செல்லட்டும். படுக்கையில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்ற பதிலோடு திரும்பிவிடாமல், உழைப்புச் சோதனை தேவையா என்று இதய மின்னியல் மருத்துவரிடம் கேட்கட்டும். அந்தச் சோதனை முடியும்வரை பிள்ளையை ஓட்டத்திலும் நீச்சலிலும் விடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இதய உடலியங்கியல் ஆசிரியர்கள்